கோர்டியின் பதினான்கு லைலாக்

ஒன்பதாவது வாளியை ஊற்றிய பிறகும் கோர்டி நீமி நிமிரவில்லை. நிமிர்ந்தால் மறுபடி குனிய வேண்டும்; அதற்கு அவருடைய வலது முழங்கால் சம்மதிக்காது. குனிந்தபடியே பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த லைலாக் செடிக்கு வந்தார். காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

போன வருஷம் மார்ச் கடைசி அது. பனி தள்ளும் வண்டி குவித்துவிட்டுப் போன அழுக்குப் பனி, வாகனங்கள் நிற்கும் இடத்தின் ஓரத்தில் இன்னும் இடுப்புயரம் கிடந்தது. பனி இளகுவதற்காகக் குளிர்காலம் முழுக்கச் சாலையில் கொட்டிய உப்பெல்லாம் அந்தக் குவியலுக்குள் இருக்கும். வெயில் பட்டதும் உருகி நேராகச் செடிகளின் வேருக்கு இறங்கும். அதைக் கழுவி விரட்ட ஒரு செடிக்கு மூன்று வாளி நல்ல தண்ணீர் ஊற்றுவார். வெளிக்குழாய் ஏப்ரல் பாதிவரை உறைந்தே கிடக்கும் என்பதால் ஒவ்வொரு வாளியையும் ஆண்கள் கழிப்பறைக்குள்ளிருந்து தூக்கி வரவேண்டும்.

எத்தனை முடிந்தது என்று கேட்டேன்.

"மூணு செடி. இன்னும் பதினொண்ணு இருக்கு. பரவால்ல, இதைவிட மோசத்தையும் பாத்தாச்சு."

டுலூத் நகரத்துக்குத் தெற்கே, நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இறங்கி இளைப்பாறுவதற்கான ஒரு நிறுத்தம் அது. செங்கல் கட்டடம், இரண்டு கழிப்பறை, சுவரில் ஒரு பெரிய வரைபடம், கொடிக்கம்பம், நாலு மர மேஜைகள், தின்பண்ட மெஷின்கள் மூன்று. அந்த மெஷின்களில் சிப்ஸும் சாக்லேட்டும் சோடாவும் நிரப்புவதற்காக வியாழக்கிழமைதோறும் அங்கே போகிறவன் நான். மற்றவை எல்லாம் கோர்டியின் பொறுப்பு. தரை துடைப்பது, பனி வாருவது, குப்பை கட்டுவது, காகிதச் சுருள் மாட்டுவது, வழி கேட்பவர்களுக்கு வழி சொல்வது என்று பதினேழு வருஷம் ஓட்டிவிட்டார். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் காகித ஆலையில் இருந்தார். ஆலையை மூடியபோது அவருக்கு நாற்பத்தேழு வயது. "பேப்பர் பண்ணிட்டிருந்தேன், இப்ப பேப்பர் மாட்டிட்டிருக்கேன்," என்பார். பலமுறை சொன்னதாலோ என்னவோ, அதைச் சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை.

ஆறடிக்கு மேல் உயரம். தோள்கள் முன்னால் விழுந்து, எதையோ தேடிக்கொண்டு நடப்பவர் மாதிரி இருப்பார். கைகளில் எப்போதும் பிளீச்சிங் வாடை. அந்தக் கழிப்பறைகளைத் தினம் ஐந்து முறை கழுவுகிறவர், பதினேழு வருஷத்தில் ஒருநாள்கூட அவற்றைத் தன் தேவைக்குப் பயன்படுத்தியதில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போதே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வருவார். ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "அது என் ஆபீஸுப்பா," என்றார்.

வந்துபோகிற மனிதர்களின் முகம் அவர் நினைவில் நிற்காது, வண்டிதான் நிற்கும். "படகு இழுத்துட்டு வந்தவன்", "கண்ணாடி உடைஞ்ச நீல வேன்", "ரெண்டு நாய்க்காரி" என்றுதான் சொல்வார். நாய்களுக்கென்று அந்தப் பக்கம் ஒரு புல்வெளி வேலி போட்டு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் வண்டியிலிருந்து குதிக்கும் நாய் எதுவும் அவ்வளவு தூரம் பொறுப்பதில்லை. முதல் லைலாக்கிலேயே காலைத் தூக்கிவிடும். கோர்டி யாரையும் அதட்டியதில்லை. பூவாளியை எடுத்துக்கொண்டு போவார். நாய் போன இடத்தில் சாவகாசமாகத் தண்ணீர் ஊற்றுவார், நாய்க்காரர்களைப் பார்க்காமலே. அவர்கள்தான் கூசிப்போய் நகர்வார்கள்.

அந்தப் பதினான்கு செடிகளும் சர்க்கார் நட்டவை அல்ல. முன்பு அங்கே ஊசியிலைப் புதர்கள் இருந்தன. உப்பில் கருகி அவை ஒவ்வொன்றாகச் செத்தபோது, அந்த இடத்தில், கொத்துக்கொத்தாக ஊதாப் பூ மணக்கும் குட்டை லைலாக் வைக்கட்டுமா என்று கோர்டி அப்போதைய மேலாளரிடம் கேட்டார். வைத்துக்கொள்ளுங்கள், வேலை உங்களுடையது என்று சொல்லிவிட்டார். பதினோரு வருஷத்துக்கு முன், ஒரு மே மாதச் சனிக்கிழமை, தன் சொந்த விடுமுறையில் வந்து நட்டார். வண்டிகள் நிற்கும் இடத்திலிருந்து பெண்கள் கழிப்பறை வாசலுக்குப் போகும் நடைபாதையை ஒட்டி வரிசையாக வைத்தார். ஏன் லைலாக் என்பதற்கு அவரிடம் எளிய காரணம் இருந்தது.

"உள்ள பிளீச்சிங் நாத்தம். வெளிய டீசல் நாத்தம். நடுவுல இருபதடி நடக்கறாங்க பாரு, அங்கயாவது ஒரு ரெண்டு வாரம் மனுஷங்க மூச்சு விடட்டும்னு பாத்தேன்."

இரண்டு வாரம் என்பது கணக்குச் சரிதான். ஜூன் முதல் வாரம் பூக்கும், மூன்றாவது வாரம் பழுப்பாகிவிடும். அந்தப் பதினைந்து நாளுக்காக மீதி வருஷம் முழுக்க அவருக்கு வேலை. குளிர்காலத்தில் பனிக்கு அடியில் எலி வளைதோண்டி வந்து அடிப்பட்டையைச் சுற்றிக் கடித்துவிடும் என்பதால் ஒவ்வொரு தண்டுக்கும் அக்டோபரில் கம்பிவலை சுற்றுவார். மே மாதம் வலையை எடுத்து, மரச்சீவல் மூடாக்குப் போடுவார். ஆகஸ்டில் இலைகளில் சாம்பல் நோய் பூத்து, மாவு தெளித்த மாதிரி ஆகிவிடும். அதற்குக் காற்றோட்டம் வேண்டும் என்று நடுவில் உள்ள கிளைகளை விலக்கிவிடுவார். எல்லாவற்றையும்விட முக்கியம் கவாத்து. பூ வாடிய கையோடு, ஜூன் முடிவதற்குள், கத்தரியை எடுத்துவிட வேண்டும். ஜூலை பிறந்துவிட்டால் செடி அடுத்த வருஷத்து மொட்டுகளைக் கட்ட ஆரம்பித்துவிடும். அப்புறம் எங்கே வெட்டினாலும் வெட்டுவது பூவைத்தான்.

பூக்கிற நாட்களில் அவருடைய இடுப்பில் கத்தரி தொங்கும். யாராவது கிளையைப் பிடித்து வளைப்பதைப் பார்த்தால் போதும், அந்த முழங்காலோடு விறுவிறுவென்று நடந்து போவார். திட்டப்போகிறார் என்று அவர்கள் பதறுவார்கள். "ஒடிக்காதீங்க, பட்டை கிழிஞ்சிடும். நான் வெட்டித் தர்றேன்," என்று சொல்லி, எந்தக் கொத்து வேண்டும் என்று கேட்டு வெட்டிக் கொடுப்பார். ஒரு லாரிக்காரர் அந்தக் கொத்தைக் காலி காபிக் கோப்பையில் நட்டு, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டெக்சஸ்வரை போனதாக அடுத்த மாதம் வந்து சொன்னார்.

கோர்டியின் மனைவி ஆர்டிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவர். லைலாக் பேச்சை எடுத்தாலே அவருக்கு அலுப்பு. ஒரு கோடையில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். முன்வாசலில் புல் முழங்கால்வரை வளர்ந்து கிடந்தது. நான் அதைப் பார்ப்பதை ஆர்டிஸ் பார்த்துவிட்டார். "அதுக்கு ஏன் சங்கடப்படறீங்க? எங்க வீட்டுத் தோட்டக்காரரு நெடுஞ்சாலைல வேலையா இருக்காரு," என்றார். கோர்டி காதில் விழாதவர் மாதிரி உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டிருந்தார்.

இந்தச் செடிகளை வாங்கும்போது கூட வந்த சீட்டில், நான்கடிக்கு மேல் வளராது என்று போட்டிருந்தது. போன வருஷம் அவை ஐந்தரை அடி நின்றன. "செடிக்குப் படிக்கத் தெரியாதில்ல," என்று கோர்டி சொல்வார். அது பாதி உண்மைதான். மேலே எவ்வளவு வெட்ட வேண்டுமோ அவ்வளவு அவர் வெட்டவில்லை என்பது மீதிப் பாதி. பூ மூக்குக்கு நேராக இருக்க வேண்டும், குனிந்து முகர்ந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை என்பது அவர் எண்ணம். அதனால் ஒவ்வொரு ஜூனிலும் வாடிய தலைகளை மட்டும் கிள்ளிவிட்டு உயரத்தை விட்டுவைத்தார். கோடை முடிவதற்குள் பதினான்கு செடியும் இலை அடர்ந்து ஒன்றோடொன்று கைகோத்து, ஒரே சுவராக நிற்கும். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது.

போன ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. கோர்டி மூன்று மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார். சாயங்காலம் எட்டு மணிவாக்கில், இன்னும் வெளிச்சம் முழுசாகப் போகாத நேரத்தில், ஒரு பெண் அந்தக் கழிப்பறையிலிருந்து வெளியே வந்தாள். வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ். நிறுத்தத்தில் அவளுடைய காரைத் தவிர ஒரே ஒரு வண்டிதான் இருந்தது. அவள் பாதையில் பாதி தூரம் வந்தபோது, செடிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் எழுந்து அவள் எதிரே வந்து நின்றான். என்ன சொன்னான் என்று அவளுக்கு நினைவில்லை. ஓடினாள், நடைபாதை விளிம்பில் கால் இடறி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. போலீஸ் வருவதற்குள் அந்த ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. கெட்ட எண்ணத்தோடு இருந்தவனா, இல்லை உள்ளே போகச் சோம்பல்பட்டுச் செடி மறைவில் ஒதுங்கியவனா என்பது கடைசிவரை தெரியவில்லை.

செப்டம்பர் இரண்டாவது வாரம் மேலாளர் ஜேனெல் வந்தாள். நாற்பது வயதுக்காரி, கோர்டியிடம் எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவள். நான் அன்று மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. அவள் அளவு நாடாவால் ஒரு செடியை அளந்தாள். பிறகு பெண்கள் வாசலுக்குப் போய், அங்கிருந்து பாதையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து, பாதையோரத்தில் எதுவும் இரண்டடிக்கு மேல் இருக்கக் கூடாது என்றாள். மாதக் கடைசிக்குள் வெட்டிவிட்டால் செடிகள் இருக்கலாம். இல்லாவிட்டால் ஒப்பந்த ஆட்கள் வந்து வேரோடு எடுத்துவிடுவார்கள்.

கோர்டி கெஞ்சுகிற ஆள் இல்லை. அன்று கெஞ்சினார். வருகிற ஜூன் கடைசியில் அவர் ஓய்வு பெறுகிறார், ஜூலையில் முழங்காலுக்கு அறுவைச் சிகிச்சை. அது அவளுக்கும் தெரியும்.

"ஜூன் வரைக்கும் விடுங்க, ஜேனெல். பூத்து முடிஞ்சதும் நானே ரெண்டடிக்கு இறக்கிடறேன். இப்ப வெட்டினா ரெண்டு வருஷத்துக்குச் சரியா பூக்காது."

"ஜூன் வரைக்கும் அந்த வாசல்ல யாரு நிக்கிறது, கோர்டி?"

அவள் போகும்போது, தனக்கும் லைலாக் பிடிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வியாழக்கிழமை நான் போனபோது ஒரு செடியில்கூடக் கத்தரி படவில்லை. கோர்டி ஒரு கிளை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கூப்பிட்டார். நுனியில் ஜோடியாக இரண்டு பருத்த மொட்டுகள். ஒன்றை நகத்தால் கீறிப் பிரித்துக் காட்டினார். செதில்களுக்கு நடுவே, கடுகைவிடச் சின்னதாகப் பச்சை மணிகள் அடுக்கடுக்காக இருந்தன.

"அடுத்த ஜூன் இங்கதான் உக்காந்திருக்கு. இப்பவே. இதைப் போயி வெட்டுங்கறா."

அப்புறம் நிறையப் பேசினார். அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஒரே ஒருத்தி பயந்துபோனதற்காகப் பதினான்கு செடியா என்றார். வருஷத்துக்கு எத்தனை ஆயிரம் பெண்கள் அந்தப் பாதையில் போகிறார்கள், ஒருத்தி சொல்லியிருக்கிறாளா என்றார். விளக்கு இன்னும் இரண்டு போடலாமே என்றார். அந்தப் பெண் பிள்ளை எதிரே ஒரு ஆள் வந்தால் ஓடுவானேன், நின்று என்ன என்று கேட்கக் கூடாதா என்றார். இதைச் சொன்ன பிறகு அவருக்கே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். பேச்சை நிறுத்திவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, "நீ ஒண்ணு பண்ணு. அந்த வாசல்ல போயி நில்லு," என்றார். "நான் சொன்னதும் வெளிய வர்ற மாதிரி நடந்து வா. நான் எங்க இருக்கேன்னு தெரியுதா பாத்துச் சொல்லு."

மத்தியானம் இரண்டு மணி. நல்ல வெயில். நான் பெண்கள் வாசலில் போய் நின்றேன். அவர் குரல் கொடுத்தார். மெதுவாக நடந்தேன். இடது பக்கம் செடிகள், வலது பக்கம் சுவர். பாதையில் பாதி வந்தும் எனக்கு யாரும் தெரியவில்லை.

"தெரியுதா?"

குரல் மட்டும் எங்கிருந்தோ வந்தது.

"இல்ல."

"சட்டைகூடவா? மஞ்சச் சட்டைய்யா."

"தெரியல, கோர்டி."

இன்னும் இரண்டு அடி வைத்தேன். எனக்குக் கையெட்டும் தூரத்தில், என் இடுப்புக்குப் பக்கத்தில், இலைகளுக்கு நடுவிலிருந்து அவர் எழுந்து நின்றார். அவர் அங்கே இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். நான் எதிர்பார்த்துக்கொண்டுதான் நடந்தேன். ஆனாலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு அடி பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டேன். ஆறடி உயர மனிதர், கண்ணைப் பறிக்கிற மஞ்சள் சட்டையோடு.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன பார்த்தாரோ, பார்வையை எடுத்துக்கொண்டார். சட்டையில் ஒட்டியிருந்த மூடாக்குத் தூளை ஒவ்வொன்றாகத் தட்டினார். தட்ட வேண்டியது எதுவும் மிச்சமில்லாத பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

"பதினோரு வருஷமா எரு வச்சி, தண்ணி ஊத்தி," என்றார். "ஒளியறதுக்கு இடம் வளத்திருக்கேன்."

அப்படி இல்லை என்று நான் ஏதோ சொன்னேன். அவர் கேட்கவில்லை. உள்ளே போய் மாப்பை எடுத்து, காலையில் துடைத்த தரையை மறுபடி துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். நான்கு நாள் பிடித்தது. வெட்டும் மெஷினை அவர் தொடவில்லை. மேலாக ஒரே மட்டத்துக்குச் சீவிவிட்டால் பார்க்கப் பெட்டி மாதிரி இருக்கும், உள்ளே செத்துக்கொண்டே வரும் என்பது அவர் கட்சி. ஒவ்வொரு செடியிலும் கட்டைவிரலைவிடத் தடித்த கிழட்டுத் தண்டுகளை மண்ணோடு மண்ணாக அறுத்தார். இளம் தண்டுகளை மட்டும் விட்டு, அவற்றை இரண்டடியில் கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டினார். இதற்கெல்லாம் மண்டியிட்டாக வேண்டும். மண்டியிட முடியாததால் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, கைரம்பத்தால் அறுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்டிஸ் சர்ச்சிலிருந்து நேராக வந்தாராம். இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு அடுப்பில் வேகவைத்த பாத்திரத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். புருஷன் தரையில் படுத்துக் கிடப்பதைப் பார்த்தார். நல்ல உடுப்பின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு, வெட்டிப் போட்ட கிளைகளை இழுத்துப்போய் வண்டியில் ஏற்றத் தொடங்கினார். பிற்பாடு அவரே என்னிடம் சொன்னது இது.

"நான் ஒண்ணும் பேசல. பேசினா அழுதிடுவாரோன்னு பயம். நாப்பது வருஷத்துல அந்த மனுஷன் அழுது நான் பாத்ததில்ல. பாக்கவும் வேண்டாம்."

செவ்வாய்க்கிழமை ஜேனெல் வந்து அளந்து பார்த்தாள். எங்கே அளந்தாலும் இரண்டடிக்கு உள்ளேதான் இருந்தது. நன்றி சொன்னாள். "பாத்தேன், நானும்," என்று மட்டும் கோர்டி சொன்னாராம். அவர் எதைப் பார்த்தார் என்று அவளுக்குப் புரிந்ததோ என்னவோ.

அக்டோபரில், வழக்கம்போல, அந்தக் கட்டைகளுக்குக் கம்பிவலை சுற்றினார். மார்ச்சில் வாளி தூக்கினார். இந்த முறை ஒரு நாளைக்கு இரண்டு செடிதான் முடிந்தது. பூக்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஏன் இவ்வளவு பாடு என்று நான் கேட்டேன். "உப்புக்கு அது தெரியாதே," என்றார்.

இந்த ஜூன் வந்தது. வெட்டிய இடங்களிலிருந்து தளிர்கள் பொங்கிக்கொண்டு வந்திருந்தன. பளபளவென்று பச்சை, ஆரோக்கியமான இலை. பூ இல்லை. ஒன்றுகூட இல்லை. வருஷாவருஷம் ஏரிக்கு மீன்பிடிக்கப் போகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கியதும் மூக்கை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். "வெட்டியிருக்கு," என்பார் கோர்டி. யார் வெட்டியது, ஏன் என்றெல்லாம் போகமாட்டார். ஒருவன் மட்டும் விடாமல், எந்த முட்டாள் இந்தக் காரியத்தைச் செய்தான் என்று கேட்டான். "நான்தான்," என்றார். அவன் வாயை மூடிக்கொண்டு சோடா வாங்கப் போய்விட்டான்.

அவருடைய கடைசிக்கு முந்தின வியாழக்கிழமை. காலை பத்து, பத்தரை இருக்கும். நிறுத்தத்தில் என் வண்டியும் கோர்டியின் வண்டியும் மட்டும்தான். ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. அதிலிருந்து யாரும் இறங்கவில்லை. நாலைந்து நிமிஷம் இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அணைந்தது. நீல நிற நர்ஸ் உடையில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இறங்கினாள். நடைபாதை தொடங்குகிற இடத்தில் வந்து நின்றுவிட்டாள்.

கோர்டி கடைசிச் செடியின் பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தார். "இங்க வேலை பாக்கறவரு நீங்கதானா?" என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றார்.

"இங்க லைலாக் இருந்துதே. ஆளுயரத்துக்கு."

"இதுதான் அது. வெட்டியிருக்கு."

"அய்யோ, ஏன்?" என்றாள். "ரெண்டு வருஷத்துக்கு முன்ன ஜூன்ல, ஒரு கேஸ் முடிஞ்சு வந்தேன். ஒரு பெரியவர், என் கையிலயே போயிட்டாரு. இங்க வண்டிய நிறுத்தி இந்தப் பூப் பக்கத்துலயே நின்னுட்டிருந்தேன். அரைமணி நேரம். அதுக்கப்புறம்தான் என்னால வண்டி ஓட்ட முடிஞ்சுது."

கோர்டி கையிலிருந்த களையைக் கீழே போட்டார். அவள் செடிகளையே பார்த்தாள். பிறகு வலது கையை இடது கையால் பிடித்து, மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள்.

"போன ஆகஸ்ட்ல இங்கதான் விழுந்தேன்," என்றாள். "ஒரு ஆளைப் பாத்துப் பயந்துபோயி. அப்புறம் இந்தப் பக்கமே வரல. அடுத்த ஊருவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு போயிடுவேன். இன்னைக்கு முடியல." சிரிக்கப் பார்த்தாள். "விழறதுக்கு முன்னாடியே எழுதிக்கூடக் கொடுத்திருந்தேன். வெளிச்சம் போடச் சொல்லி. போட்டாங்களா தெரியல."

நான் கோர்டியைப் பார்த்தேன். ஒரு சொல் போதும். உன்னால்தான் வெட்டினோம் என்று கோபமாகச் சொல்லியிருக்கலாம், உனக்காகத்தான் வெட்டினோம் என்று அன்பாகவும் சொல்லியிருக்கலாம். எதைச் சொன்னாலும் அது பொய் இல்லை. ஒன்பது மாதம் அவர் மனதில் என்னவெல்லாம் ஓடியது என்பது கொஞ்சமாவது எனக்குத் தெரியும்.

"ரெண்டு விளக்கு புதுசா போட்டிருக்காங்க," என்றார். "செடிக்கு வயசாயிடுச்சு. கிழட்டுத் தண்டெல்லாம் எடுத்தாதான் மறுபடி நல்லா வரும். அதான் வெட்டினேன்."

"மறுபடி பூக்குமா?"

"பூக்கும். அடுத்த வருஷம் கொஞ்சம். அதுக்கு அடுத்த வருஷம் நிறைய. ஆனா இந்த உயரந்தான். நீங்க குனிஞ்சுதான் மோந்து பாக்கணும்."

"குனிஞ்சுக்கறேன்," என்றாள். தன் பெயர் ரொண்டா என்றாள். கையை நீட்டினாள். அவர் மண் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டுக் குலுக்கினார், மெதுவாக, வலது மணிக்கட்டு என்பதை மறக்காமல்.

அதற்கப்புறமும் அவள் உள்ளே போகவில்லை. பாதையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், என் வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். கோர்டி அவளிடம் எதுவும் கேட்கவில்லை, பயப்படாதீர்கள் என்றும் சொல்லவில்லை. களைக்கொத்தியைக் கீழே வைத்தார். எழுந்திருக்கச் சிரமப்பட்டார். பாதையை விட்டு இறங்கி, புல்வெளியின் குறுக்கே, காலை இழுத்து இழுத்து நடந்தார். பெண்கள் வாசலிலிருந்து பார்த்தால் மறைக்க எதுவுமே இல்லாத, கொடிக்கம்பத்துக்கும் அந்தப் பக்கமிருந்த வெட்டவெளிக்குப் போய், அவளைப் பார்த்துத் திரும்பினார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தொங்கவிட்டுக்கொண்டு, நல்ல வெயிலில், அவள் உள்ளே போய்த் திரும்பி வந்து காரில் ஏறிக் கதவைச் சாத்தும்வரை அங்கேயே நின்றார்.